தொடை திரண்டது, ஆடுசதை அப்படியே இருக்கிறது: என்ன செய்யலாம்?

புதுவயலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 24, உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 68 கிலோ. அரிசி ஆலையில் வேலை. இரண்டு வருடமாகக் காரைக்குடிக்கு வந்து ஜிம்மில் பயிற்சி செய்கிறார். தொடையும் தோளும் நன்றாகத் திரண்டுவிட்டன. ஆடுசதை மட்டும் அசையவில்லை. "வேட்டியை மடித்துக் கட்டவே கூச்சமாக இருக்கிறது. கால் பயிற்சி நாளில் கடைசியாக, உட்கார்ந்து செய்யும் மெஷினில் 20 தடவை வீதம் 3 செட் போடுகிறேன். ஆலையில் நாள் முழுக்க நடக்கிறேன், தைப்பூசத்துக்குப் பழனிக்கும் நடக்கிறேன். அப்பா, சித்தப்பா எல்லோருக்கும் குச்சிக்கால்தான். எனக்கும் இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் இல்லை, தம்பி. உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: கடைசியாகச் செய்வது, உட்கார்ந்து செய்வது, தெம்பு இருந்தும் 20 தடவையோடு நிறுத்துவது. இந்த மூன்றையும் மாற்றினால் கால் பதில் சொல்லும்.

முதலில் உட்கார்வதைப் பார்ப்போம். நாம் ஆடுசதை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே இரண்டு தசைகள் இருக்கின்றன. வெளியே கெண்டை மீன் வயிறு மாதிரி திரண்டு தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று அதற்கு இரண்டு தலைகள். அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அக்கிலிஸ் தசைநாணாக மாறிக் குதிகால் எலும்பில் பிடிக்கின்றன. வித்தியாசம் மேலே இருக்கிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலைத் தாண்டி, தொடை எலும்பில் இருந்து வருகிறது. அதனால் முழங்காலை மடக்கி உட்கார்ந்த உடனே அது தொய்ந்துவிடுகிறது. தொய்ந்த கயிற்றை இழுத்து என்ன பயன்? வேலையில் பெரும்பங்கு சோலியஸுக்குப் போகிறது. நீங்கள் இரண்டு வருடமாக அடியில் இருக்கும் தசைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, மேலே இருக்கும் தசை வளரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. 2023-ல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வில் 14 பேர் ஒரு காலுக்கு நின்றும் மறு காலுக்கு உட்கார்ந்தும் 12 வாரம், வாரத்துக்கு 2 நாள் பயிற்சி செய்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, நின்று செய்த காலில் காஸ்ட்ரோக்னீமியஸின் வெளித்தலை சுமார் 12 சதவீதமும் உள்தலை சுமார் 9 சதவீதமும் கூடியிருந்தன. உட்கார்ந்து செய்த காலில் இரண்டுமே 2 சதவீதத்தைத் தொடவில்லை. சோலியஸ் இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான், அதுவும் கொஞ்சமாகத்தான் கூடியிருந்தது. ஆக, உட்கார்ந்து செய்வதால் சோலியஸுக்குக்கூடத் தனி லாபம் இல்லை. அந்த மெஷினைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது, செய்கிற விதம். நான் பயிற்சி கொடுக்கும் இடத்தில் நாளுக்கு நாள் பார்ப்பது இதைத்தான்: எடையை ஏற்றிக்கொண்டு, குதிகால் பாதி இறங்கும்போதே டக் டக்கென்று எகிறுகிறார்கள். 20 தடவை 15 நொடியில் முடிந்துவிடுகிறது. காலில் எரிச்சல் வருவதால் வேலை நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அக்கிலிஸ் தசைநாண் உடம்பிலேயே தடித்த, பலமான நாண். அது ரப்பர் மாதிரி. வேகமாக இழுபட்டால் அந்த விசையைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும். ஓடும்போதும் குதிக்கும்போதும் அது வரம்தான். தசை வளர்க்க நினைக்கும்போது அதுவே வேலையைத் திருடிக்கொள்கிறது. எகிறி எகிறிச் செய்தால் நாண் உழைக்கிறது, தசை பாதி ஓய்வில் இருக்கிறது.

இன்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முகப்புத் திண்ணைக்கு ஏறும் கருங்கல் படியின் விளிம்பில், வெறுங்காலோடு, முன்பாதம் மட்டும் பதியும்படி ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்காலை நேராக வையுங்கள். இப்போது குதிகாலை மெதுவாக, மூன்று எண்ணுவதற்குள் கீழே இறக்குங்கள். படி மட்டத்தையும் தாண்டி இறங்கட்டும். ஆடுசதை இழுபடுவது நன்றாகத் தெரியும். அங்கேயே முழுதாக இரண்டு எண்ணி நில்லுங்கள். அந்த இரண்டு நொடியில் நாணில் சேர்ந்த விசை கரைந்துவிடும். இனி மேலே போவதற்குத் தசைதான் சுருங்கியாக வேண்டும். கட்டைவிரலின் அடிப்பகுதியில் அழுத்தி, கால் சுண்டுவிரல் பக்கம் சாயாமல், உச்சிவரை ஏறி ஒரு நொடி நில்லுங்கள். இதை 20 தடவை செய்து பாருங்கள். எடை தூக்கிப் பழகிய ஆட்களே 9, 10-லேயே தூணை இறுகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கீழே இறங்கும் பாதிதான் பொன்னான பாதி. இளம்பெண்களை வைத்து 8 வாரம் நடத்திய ஓர் ஆய்வில், மேல்பாதியில் மட்டும் செய்தவர்களுக்கு உள்தலை மிகக் குறைவாகவே பருத்தது. கீழ்ப்பாதியில் மட்டும் செய்தவர்களுக்கு, முழு வீச்சில் செய்தவர்களைவிடவும் அதிகம் பருத்தது. தசை இழுபட்ட நிலையில் சுமை வாங்கினால் நன்றாக வளர்கிறது என்பதற்கு ஆடுசதை தெளிவான உதாரணம். அதனால் நான் சொல்வது: முழு வீச்சில் செய்யுங்கள், கடைசி செட்டில் மேலே ஏற முடியாமல் போனதும் நிறுத்திவிடாமல் கீழ்ப்பாதியில் மட்டும் இன்னும் 5, 6 தடவை செய்யுங்கள்.

இப்போது அப்பா, சித்தப்பா விஷயம். பரம்பரை இங்கே உண்மைதான், மறைக்க மாட்டேன். சிலருக்குத் தசையின் சதைப்பகுதி குதிகால் பக்கம்வரை நீண்டு இறங்கும். சிலருக்கு மேலேயே முடிந்து, நாண் நீளமாக இருக்கும். குதிகாலை உயர்த்திக் கண்ணாடியில் பார்த்தால் சதை எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தை எந்தப் பயிற்சியாலும் கீழே கொண்டுவர முடியாது. இருக்கிற சதையின் கனத்தை மட்டும் கூட்டலாம். அப்பாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்திருக்கலாம். ஆனால் அப்பா எடை வைத்து, நின்று, முழுதாக இறங்கி ஒரு நாளும் செய்து பார்த்ததில்லையே. பரம்பரையின் எல்லை எதுவரை என்பது அதைச் செய்து பார்த்த பிறகுதான் தெரியும்.

அர்னால்டு ஷ்வார்ஸ்நேகருக்கும் தொடக்கத்தில் ஆடுசதைதான் பலவீனம். படம் எடுக்கும்போது தண்ணீரில் நின்று கால்களை மறைத்துக்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். பிறகு கால்சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு, எல்லோர் கண்ணிலும் ஆடுசதை படும்படி பயிற்சி செய்தார். அவர் ஏற்றிய எடையை நீங்கள் பார்க்க வேண்டாம். பலவீனமானதை முன்னால் வைத்தார், அதைப் பாருங்கள். கடைசி பத்து நிமிடத்தில், ஸ்குவாட் செய்து களைத்த காலோடு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் செய்த பயிற்சிக்கு எவ்வளவு பலன் வரும்?

சரி, என்ன செய்வது? வாரத்தில் 2 நாள் போதும், 3 நாள் முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே 48 மணி நேரமாவது விடுங்கள். ஜிம்முக்குப் போனதும் வார்ம்-அப் முடித்து முதலில் ஆடுசதை. ஒரு நாள் கனமாக: நின்று செய்யும் மெஷினில், அது இல்லாவிட்டால் ஸ்மித் மெஷினுக்குக் (எடைக் கம்பி இரண்டு தண்டுகளில் மேலும் கீழும் மட்டும் நகரும் மெஷின்) கீழே ஒரு கட்டையைப் போட்டு, 8 முதல் 12 தடவை வீதம் 4 செட். நடுவில் 2 நிமிடம் ஓய்வு. இன்னொரு நாள் ஒற்றைக் காலில், கையில் டம்பெல்லோடு, 12 முதல் 15 தடவை வீதம் 3 செட். அப்புறம் உங்கள் பழைய உட்கார்ந்த மெஷினில் 2 செட். சாய்ந்து உட்கார்ந்து காலால் எடைப் பலகையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸிலும் செய்யலாம். ஆனால் முன்பாதம் மட்டும் பலகையில் இருப்பதால் கால் நழுவினால் எடை நேராக நெஞ்சை நோக்கி வரும். பாதுகாப்புக் கம்பியை விலக்காமல் செய்யுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 8 ஆனாலும் 25 ஆனாலும், கடைசி இரண்டு மூன்று தடவைகள் உண்மையிலேயே சிரமமாக இருந்தால் தசை வளரும். 20 தடவை போட்டதில் தவறு இல்லை. 20-ல் நிறுத்தியபோது இன்னும் 15 தடவைக்குக் காலில் தெம்பு இருந்ததுதான் தவறு. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லா செட்டிலும் 12-ஐத் தொட்டுவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். கீழே நிற்கும் இரண்டு நொடியைக் கொடுத்து எடை வாங்காதீர்கள்.

ஜிம்முக்கு வர முடியாத நாளில் அரிசிச் சிப்பம் இருக்கவே இருக்கிறது. ஆலையில் 25 கிலோ சிப்பத்துக்கு உங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்து, படியில் செய்யலாம். படியில் மட்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருடத்துக்கு முன் எங்கள் பெரியப்பா வீட்டு வளவில், ஆத்தங்குடித் தரையில் ஒரு பலகைத் துண்டைப் போட்டு அதன்மேல் நின்று செய்தேன். அந்தத் தரை எவ்வளவு வழவழப்பு என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அன்று காலையில் தரை துடைத்த ஈரம் வேறு. மேலே ஏறும்போது பலகை பின்னால் வழுக்கிப்போய்க் கணுக்கால் மடங்கியது. ஆறு வாரம் சரியாக நடக்க முடியவில்லை. நகரக்கூடிய எதன்மேலும் எடையோடு நிற்காதீர்கள். படியே இல்லாத இடம் என்றால் பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பு கட்டாயம்.

முதல் வாரம் 2 செட்டுக்கு மேல் போக வேண்டாம். இழுபட்ட நிலையில் சுமை வாங்கிப் பழகாத தசை, இரண்டாம் நாள் படியிறங்க விடாமல் வலிக்கும். அந்த வலி மூன்று நான்கு நாளில் தணிந்துவிடும். ஆனால் சில அறிகுறிகளை வலி என்று ஒதுக்கக்கூடாது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கி, சூடாகி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதைத் தேய்த்துவிடவும் கூடாது. குதிகாலுக்கு மேலே பின்னால் யாரோ அடித்த மாதிரி 'டப்' என்று உணர்ந்தால் நாண் அறுந்திருக்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் அக்கிலிஸ் நாணைப் பலவீனமாக்கக்கூடும். அப்படி மாத்திரை சாப்பிட நேர்ந்தால் ஆடுசதைப் பயிற்சியை நிறுத்திவிட்டு, எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி சொல்கிறேன். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 110 கிராம் அளவு புரதம் வேண்டும். 4 முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, 150 கிராம் கோழிக்கறியில் 30-க்கு மேல், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, இட்லி, சோறு, பருப்பில் ஒரு 25. பவுடர் டப்பா இல்லாமலே வந்துவிடுகிறது.

நடையைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். ஆலையில் நடப்பதும் குன்றக்குடியில் இருந்து பழனிக்கு நடப்பதும் ஆடுசதைக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தியைக் கொடுக்கும். பருமனைப் பெரிதாகக் கூட்டாது. ஒவ்வொரு அடியிலும் விழும் சுமை தசைக்கு ஏற்கெனவே பழகிய சுமை, குதிகாலும் தரை மட்டத்துக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் பாதயாத்திரையையும் பயிற்சியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். யாத்திரைக்கு முந்தைய வாரம் எடையைப் பாதியாகக் குறையுங்கள். திரும்பி வந்தபின் கொப்புளம் ஆறி, கணுக்கால் வீக்கம் வடியும்வரை ஒரு வாரம் ஓய்வு. பிறகு பழைய எடையில் இருந்து கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள்.

அளவு எடுப்பது மாதம் ஒருமுறை போதும். காலையில், பயிற்சிக்கு முன், இரண்டு காலிலும் சமமாக நின்று, சதை மிக அதிகமாகத் திரண்டிருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். நாடாவில் பெரிய எண்ணை எதிர்பார்க்காதீர்கள். ஆடுசதையின் குறுக்குப் பரப்பு 10 சதவீதம் கூடினால்கூடச் சுற்றளவு 5 சதவீதம்கூடக் கூடாது. கணக்கு அப்படி. எலும்பும் தோலும் வளரப்போவதில்லை என்பதால் அதிலும் குறையும். 34 சென்டிமீட்டர் காலில் நான்கு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலே நல்ல பலன். கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் அது தெரியும். நான்கு மாதமும் ஒழுங்காகச் செய்து அரை சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால், பக்கவாட்டில் இருந்து ஒரு செட்டை வீடியோ எடுத்து அனுப்புங்கள். குதிகால் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.