கேடயம், முகமூடி, பளார்: சூப்பர் ஹீரோ கைவேலைக் கேள்வி பதில்

சூப்பர் ஹீரோக்களை வரைவது, அவர்களுக்கான பொருட்களை வீட்டிலேயே செய்வது, அவர்களை வைத்துச் சிரிக்க வைப்பது. இந்த மூன்றைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. ஏழு வயது மகனுக்கு கேப்டன் அமெரிக்கா கேடயம் வேண்டுமாம். அட்டையில் செய்தால் தட்டையாக, தட்டு மாதிரி இருக்கிறது.

மூன்று நாள் தாராளம் அம்மா. அட்டையை விட்டுவிட்டு 5 மி.மீ. தடிமனுள்ள ஈவிஏ ஃபோம் ஷீட் (மெத்தென்று வளையும் ரப்பர் போன்ற தாள்) வாங்குங்கள். கைவினைப் பொருள் விற்கும் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். 40 செ.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரை ஒரே ஒரு நேர்வெட்டுப் போடுங்கள். வெட்டிய ஓரங்களை விளிம்பில் 3 செ.மீ. அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால் வட்டம் குடை போலக் குவிந்துவிடும். செருப்புத் தைக்கும் இடங்களில் பயன்படும் மஞ்சள் ரப்பர் பசைதான் இதற்குச் சரி. இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் பிடிக்காது. நெடி அதிகம் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பையன் பக்கத்தில் வேண்டாம்.

வண்ண வட்டங்களை, ஓரங்களை ஒட்டி முடித்த பிறகுதான் வரைய வேண்டும். நடுவிலிருந்து 8 செ.மீ. வரை நீலம், 12 வரை சிவப்பு, 16 வரை வெள்ளை, விளிம்பு வரை மறுபடி சிவப்பு. கோணமானி வைத்து நீல வட்டத்தின் ஓரத்தில் 72 பாகைக்கு ஒரு புள்ளியாக ஐந்து புள்ளி வைத்து, ஒன்று விட்டு ஒன்றை இணைத்தால் நட்சத்திரம் தயார். பின்பக்கப் பிடிக்குப் பழைய ஸ்கூல் பையின் வார் போதும். பிடியை ஒட்டுவதற்கு முன் பையனை முழங்கையை மடக்கி, கையை மார்புக்குக் குறுக்கே வைக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த நிலையில் நட்சத்திரத்தின் ஒரு முனை நேராக மேலே நிற்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மேடையில் நட்சத்திரம் சாய்ந்து நின்றால் மற்ற உழைப்பெல்லாம் கண்ணில் படாது.

இன்னொரு செய்தி. 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழில் கேப்டன் அமெரிக்கா கையில் இருந்தது வட்டக் கேடயம் அல்ல, கீழே கூராக முடியும் பழைய பாணிக் கேடயம். வேறொரு பதிப்பகம் தன் ஹீரோவின் மார்புக் கவசம் போல இருக்கிறது என்று ஆட்சேபித்ததால் இரண்டாம் இதழிலேயே வட்டமாக்கினார்கள். மகனிடம் சொல்லி வையுங்கள், மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: தெர்மாகோலில் தோர் சுத்தியல் செய்தேன். ரப்பர் பசை தடவியதும் குழி குழியாகக் கரைந்துவிட்டது. போலிப் பசையா?

பசையில் குற்றம் இல்லை. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிகால்தான். வண்ணம் பூசுவதற்கு முன் செய்தித்தாள் துண்டுகளை ஃபெவிகாலில் தோய்த்து இரண்டு அடுக்கு போர்த்திவிடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆச்சி: நான் காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்வேன். பேரன் அதிலேயே பேட்மேன் முகமூடி செய்யச் சொல்கிறான். வருமா?

அருமையாக வரும் ஆச்சி. ஆனால் முகம் முழுவதும் கூழில் செய்தால் கனம் தாங்காமல் மூக்கை அழுத்தும். பலூனைப் பேரனின் தலையளவுக்கு ஊதி, அதன் பாதிப் பக்கத்தில் காகிதத் துண்டுகளைப் பசையில் நனைத்து ஐந்தாறு அடுக்கு ஒட்டுங்கள். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. நன்றாகக் காய்ந்ததும் பலூனை உடைத்துவிட்டு, காது, புருவ மேடு, மூக்குத் தண்டு ஆகியவற்றை மட்டும் உங்கள் வெந்தயக் கூழில் பிடித்து வையுங்கள். பேட்மேனின் கோபம் முழுக்க அந்தப் புருவ மேட்டில்தான் இருக்கிறது. நடுவில் தாழ்ந்து வெளிப்பக்கம் ஏறிப் போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது விஷம், குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் வரும் பொருளில் கூடவே கூடாது.

பத்தாம் வகுப்பு மாணவி: ஸ்பைடர்மேன் முகத்தில் வலை வரைந்தால் சல்லடை மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

குறுக்குக் கோடுகளை முதலில் போடுகிறாய் என்று நினைக்கிறேன் தங்கச்சி. ஆரம்பிக்க வேண்டிய இடம் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள ஒரே புள்ளி. அங்கிருந்து எல்லாப் பக்கமும் கதிர்போலக் கோடுகள் கிளம்ப வேண்டும். அவை ஸ்கேல் வைத்த நேர்கோடுகளாக இருக்கக் கூடாது. தேங்காயின் மேல் கோடு போட்டால் அதன் உருட்டலுக்கு ஏற்ப வளையும் அல்லவா, அப்படி. நெற்றியில் மேலேறி வளையட்டும், கன்னத்தில் பக்கவாட்டில் சுற்றட்டும்.

அப்புறம்தான் இணைப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் இரண்டு கதிர்களுக்கு இடையே தொய்வாகத் தொங்கும் சின்ன வளைவு. அந்தத் தொய்வு நடுப்புள்ளியைப் பார்த்து இருக்க வேண்டும். வெளிப்பக்கம் புடைத்தால் வலை போய்ப் பூவிதழ் வந்துவிடும். மூக்கருகே நெருக்கமாக, போகப் போக இடைவெளி விட்டுப் போடு.

1962-இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் ஸ்பைடர்மேனுக்குக் கண் சிறியது. 1988-இல் டாட் மெக்ஃபார்லேன் கண்களை மிகப் பெரிதாக்கி, கையிலிருந்து கிளம்பும் வலையை நூடுல்ஸ் போலச் சுருள் சுருளாக வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்து வரைந்து பழகு. எனக்குப் பிடித்தது டிட்கோவின் ஒல்லியான, கொஞ்சம் பயமுறுத்தும் உருவம்தான்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: காமிக்ஸ் ஹீரோ வேதாளரை (ஆங்கிலத்தில் ஃபேன்டம்) ஊதா நிறத்தில் வரைந்தேன். நண்பர் நீலம்தான் சரி என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும்தான். 1936-இல் கறுப்பு வெள்ளைத் தொடராக வேதாளர் வந்தபோது அவரை உருவாக்கிய லீ ஃபாக் மனதில் இருந்தது சாம்பல் நிறம். பிறகு ஞாயிறு வண்ணப் பக்கத்தில் அச்சானபோது ஊதாவாக வந்தது. ஸ்வீடனில் அவருக்கு நீல உடை, இத்தாலியில் சிவப்பு. அந்தக் கால மலிவுத் தாளில் எந்த நிறம் எப்படி விழுமோ அதுதான் நிறம். ஹல்க் கூட 1962-இல் முதல் இதழில் சாம்பல் நிறம்தான். பக்கத்துக்குப் பக்கம் சாம்பல் மாறி மாறி விழுந்ததால் அடுத்த இதழில் பச்சையாக்கிவிட்டார்கள். நீங்கள் காட்டுப் பின்னணி வரைகிறீர்கள் என்றால் ஊதாவையே வைத்துக்கொள்ளுங்கள், பச்சைக்கு நடுவே எடுப்பாக நிற்கும்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: பேட்மேன் ராபினை அறையும் மீமில் தமிழ் வசனம் போட்டால் சிரிப்பே வருவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எப்படி வருகிறது?

நல்ல கேள்வி தம்பி. அந்தப் படம் 1965 நவம்பர் இதழ் ஒன்றில், கற்பனைக் கதை என்று அறிவித்தே வெளியான கதையில் வந்தது. பழிவாங்கும் வெறியில் இருக்கும் பேட்மேன் ராபினை அறைகிறார். அந்தக் கட்டத்தில் சிரிப்பு வருவது ராபின் பேச்சு பாதியில் அறுபடுவதால்தான். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும், அதனால் எங்கே அறுத்தாலும் பொருள் புரியும். தமிழில் வினை கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. கண்ட இடத்தில் வெட்டினால் ராபின் என்ன சொல்ல வந்தான் என்றே தெரியாது.

ஆகவே வினை இல்லாமலே புரிகிற வாக்கியமாகப் பார்த்து எடுக்க வேண்டும். "பேட்மேன், நாளைக்குப் பரீட்சை, இன்னிக்கு ஒரே ஒரு மேட்ச் மட்டும்..." என்று நிறுத்திப் பார். மீதியைப் படிப்பவரே முடித்துக்கொள்வார். பதில் இரண்டே சொல்: "புக்கை எடு!"

கூடவே ஒலிக்குறிப்பையும் தமிழிலேயே எழுது. கன்னத்தில் விழும் அறைக்கு நம்மிடம் 'பளார்' இருக்கிறது. கதவை உடைத்தால் 'டமார்', ஆள் விழுந்தால் 'தொபுக்கடீர்'. 'பளார்' எழுதும்போது 'ளா'வின் காலை நீட்டிச் சாய்த்து, 'ர்' மேலுள்ள புள்ளியை நட்சத்திரமாக்கு. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளம். ஆங்கில வசனக் குமிழைவிட ஒன்றரை மடங்கு பெரிய குமிழ் வரைந்த பிறகு எழுது.

மதுரையிலிருந்து ஒரு அண்ணன்: நான் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். இரும்புக்கை மாயாவியை வைத்து ஒரு நகைச்சுவைப் படக்கதைப் பட்டை வரைய ஆசை. கேலி செய்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று தயக்கம்.

தயங்க வேண்டாம் அண்ணே. பாத்திரத்தை நன்றாகத் தெரிந்தவர் செய்யும் நகைச்சுவையில் பாசம் தானாகவே வந்துவிடும். 1962-இல் பிரிட்டிஷ் வார இதழில் பிறந்து, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகவே தமிழுக்கு வந்தவர் மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். இந்த ஒரு வரியில்தான் உங்கள் நகைச்சுவை முழுவதும் இருக்கிறது. அவருடைய சக்தியே அவருக்குத் தொல்லையாகிற இடத்தைத் தேடுங்கள்.

ரேஷன் கடைக்கு அனுப்புங்கள். கைரேகை இயந்திரத்தில் இரும்பு விரலை வைக்கிறார், பதியவில்லை. "இன்னொரு விரலை வையுங்க சார்" என்கிறார் கடைக்காரர். ஐந்தும் இரும்பு. கடைசிக் கட்டத்தில் பின்னால் நிற்கும் பாட்டி, "அந்தக் கையை எடுத்துட்டு நல்ல கையை வைப்பா!" என்கிறார். இல்லையென்றால் வில்லன் துரத்தும்போது ப்ளக்கில் விரலை வைக்கிறார், அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. பறப்பது, கட்டடத்தைத் தூக்குவது போன்ற பொதுவான சக்தியை வைத்துச் செய்தால் எந்த ஹீரோவுக்கும் பொருந்திவிடும். மாயாவிக்கு மட்டுமே நடக்கக்கூடியதாக இருக்கட்டும். ஹெஸூஸ் பிளாஸ்கோவின் ஓவியத்தில் இருந்த அந்த அழுத்தமான நிழல்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். படம் த்ரில்லர் போலத் தீவிரமாக இருந்தால் ரேஷன் கடைச் சிரிப்பு இன்னும் பலமாக வரும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு அக்கா: மார்கழியில் வாசலில் பேட்மேன் சின்னம் போட முடியுமா? கறுப்புக் கோலப்பொடி எடுபடவில்லை.

கறுப்பே வேண்டாம் அக்கா. முட்டை வடிவத்தை மஞ்சள் பொடியால் நிரப்புங்கள், வௌவால் இருக்கும் இடத்தை மட்டும் தூவாமல் விடுங்கள். சாணி தெளித்த தரையே வௌவாலாகிவிடும். அட்டையை இரண்டாக மடித்துப் பாதி வௌவாலை வெட்டிப் பிரித்தால் இரண்டு சிறகும் ஒரே அளவில் வரும். அதைத் தரையில் வைத்துச் சுற்றிலும் தூவிவிட்டு மெல்லத் தூக்குங்கள். இந்த மஞ்சள் முட்டை வடிவம் 1964-இல்தான் பேட்மேன் மார்பில் ஏறியது.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சூப்பர்மேன் சாவிக்கொத்து செய்து விற்கலாமா? எல்லாரும் விற்கிறார்களே.

உங்களுக்காகச் செய்துகொள்வதற்கும் விற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, விமர்சனம் போன்றவற்றுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. சாவிக்கொத்து வியாபாரம் அதில் வராது. அந்த 'எஸ்' சின்னம் வணிகச் சின்னமும்கூட. அமெரிக்காவில் 1938-இன் முதல் சூப்பர்மேன் கதை 2034-இல் பதிப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியதாகிறது. ஆனால் அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். பிறகு சேர்ந்தவை அப்போதும் உரிமையாளரிடமே இருக்கும். விற்க வேண்டும் என்றால் சொந்த ஹீரோவை உருவாக்குங்கள். உங்கள் கை சூப்பர்மேனில் பழகியிருப்பது அதற்கு உதவும்.

அதே மாணவர்: காமிக் கானுக்கு (காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழா) உடலோடு ஒட்டும் முழு ஸ்பாண்டெக்ஸ் உடையில் போகலாம் என்றிருக்கிறேன்.

போய் வாருங்கள். உள்ளே மெல்லிய பருத்தி பனியன், முகமூடியில் மூக்குக்குக் கீழே வலைத்துணி, முதுகில் தெரியாத ஜிப். தண்ணீர் பாட்டில் பிடிக்க ஒரு நண்பர் கட்டாயம் கூட வரட்டும்.