ஷேல் பாறையிலிருந்து எவ்வளவு எண்ணெய் வரும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? திருநெல்வேலியில் கிடைக்குமா?

திருநெல்வேலிக்கு முதலில் பதில்: நம்ம பக்கம் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகள்தான், ஷேல் மாதிரி சேறு படிந்து இறுகிய பாறைகள் அல்ல, எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். பாறையின் பரப்பு, தடிமன், நுண்துளைகளின் பங்கு, அவற்றில் எண்ணெயின் பங்கு எல்லாவற்றையும் பெருக்கினால் உள்ளே இருக்கும் மொத்த எண்ணெய் தெரியும். ஆனால் மேலே வருவது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அதை, ஏற்கெனவே தோண்டிய கிணறுகளின் உற்பத்தி சரியும் வேகத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். கவனம் தேவைப்படும் இடமே இதுதான். ஷேல் கிணற்றின் உற்பத்தி பொதுவாக முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் விழும், அப்புறம் பல ஆண்டுகள் மெதுவாகக் கசியும். ஆரம்ப மாதங்களை மட்டும் பார்த்தால் கணக்கு வீங்கிவிடும்.

கலிஃபோர்னியாவின் மான்டரே ஷேலில் 1,540 கோடி பேரல் எடுக்கலாம் என்று 2011-இல் சொன்ன அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், 2014-இல் அதை 60 கோடியாகக் குறைத்தது. ஒரு கிணற்றுக்கு இவ்வளவு வரும் என்று வைத்த அனுமானமே மிக அதிகம்.