பிளஸ் வந்தால் போட்டுவிடலாமா? எதிர்பார்ப்பு மதிப்பு பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கத்து பி.காம்., சி.எம்.ஏ. பிள்ளைகள் கேட்டவை. நடுவில் ஒரு பெரியவரும் புகுந்துகொண்டார்.

தேவகோட்டை மாணவி: சார், எதிர்பார்ப்பு மதிப்பை என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு, அதாவது வரப்போகும் வரவுகளின் இன்றைய மதிப்பில் செலவைக் கழித்தது) கணக்கில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டை விடுதியாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளம்மா. செலவு 40 லட்சம், 3 வருஷம், வட்டி 10 சதவீதம். வருஷத்து நிகர வரவு, கூட்டம் நன்றாக வந்தால் 25 லட்சம் (நிகழ்தகவு 0.3), சுமாராக வந்தால் 18 (0.5), ஈயோட்டினால் 6 (0.2). ஒவ்வொரு வரவையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் 7.5 + 9 + 1.2 = 17.7 லட்சம், இதுதான் எதிர்பார்ப்பு மதிப்பு. அதை 3 வருஷ ஆனுவிட்டி காரணி (3 வருஷம் வருஷத்துக்கு ஒரு ரூபாய் வந்தால் அதன் இன்றைய மதிப்பு) 2.487 ஆல் பெருக்கினால் 44.02, நாற்பதைக் கழித்தால் 4.02 லட்சம் பிளஸ். இங்கேதான் எல்லாரும் பேனாவை மூடிவிடுகிறீர்கள். மூன்று நிலைக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார், 22.18 பிளஸ், 4.77 பிளஸ், 25.08 மைனஸ். அந்த 4.02 எந்த நிலையிலும் யார் கைக்கும் வராது, அது வெறும் சராசரி. ஒரே ஒரு வீடு வைத்திருப்பவருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு 25 லட்சம் போவதற்கு என்பதையும் விடையில் எழுது.

புதுவயல் மாணவர்: முதல் வருஷம் நன்றாக இருக்க 0.6, அப்படி இருந்தால் அடுத்த வருஷமும் நன்றாக இருக்க 0.7. கூட்டினால் 1.3 வருகிறதே சார்?

பதில்: கூட்டாதே, பெருக்கு. 0.42. இப்படி நல்லது, கெட்டது என்று பிரியும் எல்லாக் கிளைகளின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் 1 வரவேண்டும், வராவிட்டால் மேலே போகாதே.

பள்ளத்தூர் மாணவி: போன வருஷம் ஓடு மாற்றச் செலவழித்த 2 லட்சத்தைச் சேர்க்கணுமா?

பதில்: போனது போனதுதான். சேர்க்காதே.

காரைக்குடி, கடை வைத்திருக்கும் பெரியவர்: தம்பி, எங்க ஐயாக்கள் பர்மாவில் நிகழ்தகவு போட்டா வட்டிக்கு விட்டார்கள்? ஆளைப் பார்த்தே கொடுத்தார்கள்.

பதில்: அண்ணே, ஆளைப் பார்த்துக் கொடுத்ததும் நிகழ்தகவுதான், பேரேட்டில் எழுதவில்லை, அவ்வளவே. நூறு பேருக்குக் கொடுத்தால் நாலு பேர் கட்டமாட்டார்கள், மற்றவர்கள் வட்டியில் அது சரியாகிவிடும், சராசரி உண்மையிலேயே உதவுகிற இடம் அது. ஆனால் ஒருவர் கட்டாததற்கும் அடுத்தவர் கட்டாததற்கும் சம்பந்தம் இல்லாதவரைதான். 1930களில் அரிசி விலை விழுந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் கையை விரித்தார்கள். கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1937இல் அது 25 சதவீதம். பணமாக வரவேண்டியது வயலாக வந்தது.

பெரியவர்: அது ஜப்பான்காரன் வந்ததால் வந்த கேடு. கணக்குக் கோளாறு இல்லை.

பதில்: ஜப்பான்காரன் வந்தது 1942இல், விலை விழுந்தது அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னால். சண்டையே வராவிட்டாலும் போட்ட பணம் நிலத்தில் மாட்டிக்கொண்டுதான் இருந்தது அண்ணே.

கோட்டையூர் மாணவர்: எதிர்பார்ப்பு மதிப்பு பிளஸ் என்றால் எடுத்துக்கொள்ளலாம்தானே?

பதில்: முதல் பதிலைப் படி.

பள்ளத்தூர் மாணவர்: பிளஸ் வந்தால் சரிதானே சார்?

பதில்: மறுபடியுமா! மேலே போய்ப் படிப்பா.

அமராவதிப்புதூர் மாணவி: முழுத் தகவலின் மதிப்பு என்றால் என்ன?

பதில்: நல்ல கேள்வி. எந்த நிலை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், ஈயோட்டும் நிலையில் வீட்டைத் தொடவே மாட்டார்கள், அங்கே 0. அப்போது 0.3 × 22.18 + 0.5 × 4.77 = 9.04. அதில் 4.02 கழித்தால் 5.02 லட்சம். எவ்வளவு பெரிய ஆலோசகர் வந்தாலும் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது.

தேவகோட்டை மாணவர்: இந்த 0.3, 0.2 எல்லாம் எங்கிருந்து வருகின்றன?

பதில்: பரீட்சையில் வினாத்தாளிலிருந்து. வெளியே, பெரும்பாலும் யாரோ ஒருவர் வாயிலிருந்து. அதனால்தான் மாற்றிப் போட்டுப் பார் என்கிறேன். நல்ல நிலையை 0.2 ஆக்கி, மோசத்தை 0.3 ஆக்கினால் வருஷ வரவு 15.8, என்.பி.வி. சுமார் 71 ஆயிரம் மைனஸ். பத்தில் ஒரு பங்கு நகர்ந்ததற்கே திட்டம் கவிழ்ந்துவிட்டது.

காரைக்குடி மாணவர்: விடுதிக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு சார்?

பதில்: அது ஆடிட்டரிடம் கேட்கவேண்டியது.