ஹவுசிங் 100 மீட்டர் தாங்கும், மற்றவை தாங்குமா?

கேள்வி: ட்ரைமிக்ஸ் (ஹீலியம் கலந்த வாயுவில் ஆழமாக டைவ் செய்வது) பயிற்சி முடித்துவிட்டேன். 80–90 மீட்டரில் கிடக்கும் மூழ்கிய கப்பல்களைப் படமெடுக்க ஆசை. என் மிரர்லெஸ் கேமராவுக்கு 60 மீட்டர் வரைக்குமான பாலிகார்பனேட் ஹவுசிங் (தண்ணீர் புகாத கேமராக் கூடு) இருக்கிறது. அதை வைத்துச் சமாளிக்கலாமா? வேறு என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: சமாளிக்க முடியாது. ‘60 என்று போட்டிருந்தால் 80 தாங்கும்’ என்று சொல்பவர்கள் எல்லாப் படகிலும் உண்டு. உடையாமல் திரும்பி வரலாம். ஆனால் உடைவதற்கு வெகு முன்பே அது வேலைக்கு ஆகாமல் போய்விடும்.

முதல் சிக்கல் பட்டன்கள். 90 மீட்டரில் வெளியே அழுத்தம் 10 பார், ஹவுசிங்குக்குள் 1 பார். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பட்டன் தண்டின் மேல் இந்த 9 பார் வித்தியாசம் ஏறத்தாழ 1.8 கிலோ எடையாக உட்காரும். 30 மீட்டரில் அதுவே 600 கிராம்தான். ஸ்பிரிங்கால் எதிர்த்து நிற்க முடியாவிட்டால் பட்டன் தானாக அமுங்கி அப்படியே கிடக்கும். மெனு திறந்தபடி நிற்கும், ஷட்டர் அசையாது. மேலே வரும் வழியில் பட்டென்று விடுபடும், அதற்குள் கப்பல் உங்களுக்குக் கீழே போயிருக்கும். பிளாஸ்டிக் பின்கதவு உள்வாங்கித் திரையில் முட்டுவதும் நடக்கும்.

ஆகவே அலுமினிய ஹவுசிங். பெரும்பாலானவை 100 மீட்டருக்கு மதிப்பிடப்பட்டவை. அதற்கும் கீழே போவதாக இருந்தால் வலுவான ஸ்பிரிங் மாற்றித் தருவார்களா என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள். அந்த 100 ஹவுசிங்குக்கு மட்டும்தான். போர்ட் (லென்ஸுக்கு முன்னுள்ள கண்ணாடி), வெளி மானிட்டர், ஸ்ட்ரோப் (நீரடி ஃபிளாஷ்), விளக்கு, மிதவைக் கை (விளக்கைத் தாங்கி, கேமரா மிதக்கவும் உதவும் கை) எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் ஆழம்.

பலர் கோட்டைவிடுவது மிதவையில். சாதாரண ஃபோம் ஆழத்தில் நசுங்கிவிடும். 10 மீட்டரில் மிதப்பு சரியாக இருந்த கேமரா 90 மீட்டரில் உங்கள் கையைக் கீழே இழுக்கும். சின்டாக்டிக் ஃபோம் (எளிதில் நசுங்காத கெட்டி ஃபோம்), அல்லது அந்த ஆழத்துக்கு மதிப்பிட்ட கார்பன் ஃபைபர் கை வாங்குங்கள். மொத்தத்தில் 200–300 கிராம் எடை மிஞ்சி மூழ்கும்படி வைப்பது நல்லது. டிகோ நிறுத்தத்தில் (உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் காத்திருக்கும்போது) கைநழுவி மேலே பறக்கும் கேமராவைத் துரத்தும் நிலை வரவே கூடாது.

ஸ்ட்ரோபுக்கு மின்கேபிளைவிட ஃபைபர் ஆப்டிக் கேபிளே மேல். தண்ணீர் புகுவதற்கான துளை ஒன்று குறையும். ஹவுசிங்கிலிருந்து காற்றை உறிஞ்சிக் கசிவைச் சோதிக்கும் வேக்குவம் வால்வு கட்டாயம். காற்றை உறிஞ்சியபின் அரைமணி நேரமாவது விட்டு, கசிவு காட்டும் விளக்கு பச்சையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம்) கசிவு பெரும்பாலும் முதல் சில மீட்டரிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் ஆழம் கூடக் கூட அழுத்தமே ஓ-ரிங்கைப் பள்ளத்தில் இறுக்கிவிடும். ஒற்றைத் தலைமுடி சிக்கியிருந்தால் அந்த இறுக்கமும் உதவாது. சிலிக்கான் ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவினால் உப்பிவிடும்; ஹவுசிங்கோடு வந்த கிரீஸையே பயன்படுத்துங்கள்.

வீடியோ விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 10,000 லூமனுக்குக் குறையாமல், விரிந்த ஒளிவீச்சோடு. சிவப்பு நிறம் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், அருகில் எடுக்கும் படங்களுக்கு நிறம் உங்கள் விளக்கிலிருந்துதான் வர வேண்டும். ஒயிட் பேலன்ஸை விளக்கின் நிறவெப்பத்துக்கு, பொதுவாக 5500 கெல்வின் அருகே, பூட்டிவிடுங்கள். அடியில் இருக்கப்போவது 20–25 நிமிடம். முழு ஒளியில் 45 நிமிடம் எரிந்தால் தாராளம். இரண்டு மணிநேர டிகோவுக்கும் சேர்த்துப் பெரிய பேட்டரி சுமக்காதீர்கள். விமானப் பயணம் இருந்தால், 100 வாட்-அவரைத் தாண்டும் பேட்டரிக்கு முன் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணியாகக் கொண்டுபோகவே முடியாது. வீடியோ விளக்கை உங்கள் மாற்று டார்ச் கணக்கில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

ஐஎஸ்ஓ, ஷட்டர், அப்பர்ச்சர் மூன்றையும் படகிலேயே தீர்மானித்துவிடுங்கள். ட்ரைமிக்ஸில் உள்ள ஹீலியம், ஆழத்தில் நைட்ரஜனால் வரும் போதையைக் குறைக்கும், கைவேலையைக் குறைக்காது. கேமராவை உடலோடு மாட்டும் போல்ட் ஸ்னாப் கொக்கியை உலோக வளையத்தில் மாட்டாமல் கயிறால் கட்டுங்கள்; சிக்கினால் கத்தியால் அறுத்து விட்டுவிடலாம்.

எல்லாம் வந்ததும் கேமராவை உள்ளே வைக்காதீர்கள். காலி ஹவுசிங்குக்குள் டிஷ்யூ தாளை வைத்து, எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் 90 மீட்டருக்கு இறக்கிப் பத்து நிமிடம் விட்டு ஏற்றுங்கள். தாள் காய்ந்திருந்தால் மறுபடி ஒருமுறை. பிறகு கேமராவோடு 30 மீட்டரில் சில டைவ், அதன்பின் கப்பல்.