குன்னூருக்கு அயற்பணி: ஒப்புக்கொள்ளும் முன்

வணக்கம் ஐயா. மூடிய தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி தரும் அமைப்புக்குத் தலைவராக உங்களைக் குன்னூருக்கு இரண்டு ஆண்டு அயற்பணியில், அதாவது அரசுப் பணியில் இருந்தபடியே வெளி அமைப்பில் வேலை செய்ய, அனுப்புகிறார்கள். பணிமூப்பு போய்விடுமா, மறுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மூப்பு எங்கும் போகாது. அயற்பணிக்குப் போனவர் தம் பணித்தொகுதியிலேயே (கேடர்) நீடிக்கிறார். மறுப்பதில்தான் சிக்கல். விருப்பமில்லாதவரை அயற்பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 110. ஆனால் அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்பு என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே அமைப்பின் பதிவுச் சான்றையும் துணை விதிகளையும் முதலில் கேட்டு வாங்குங்கள். அயற்பணிக் காலத்துக்கு அரசுக்குச் செலுத்த வேண்டிய ஓய்வூதியப் பங்களிப்பையும் விடுப்புச் சம்பளப் பங்களிப்பையும் யார் கட்டுவது என்பது ஆணையிலேயே இருக்க வேண்டும். நான் அதைக் கவனிக்காமல் போய், ஓய்வு பெறும் ஆண்டில் பழைய சலான்களைத் தேடி அலைந்தேன்.

வேலை எப்படி என்றால், கோத்தகிரிப் பக்கம் நாங்கள் தொடங்கிய தையல் வகுப்பில் முதல் நாள் பெண்கள் வெள்ளைத் துணியைத் தொடவே தயங்கினார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். மறுநாள் கறுப்புத் துணி வாங்கிக் கொடுத்தோம். வகுப்பு நேரத்தைக் கடைசி பஸ்ஸைப் பார்த்துக் குறியுங்கள். சென்னையில் போட்ட அட்டவணை ஜூலை மழைக்குத் தாங்காது. ஊட்டி பிலிம் தொழிற்சாலை மூடியதைப் பார்த்த மலை இது. பயிற்சி என்றதும், "முடித்தால் வேலை எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

அமைப்பு சங்கமா, நிறுவனமா என்று எழுதுங்கள். விதி 110 எப்படிப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.