கீழாநெல்லி கொடுத்த எலிகளில் ஏ.எஸ்.டி. மட்டும் குறையாதது ஏன்?

எலிகளுக்குப் பாராசிட்டமாலும் கீழாநெல்லிச் சாறும் கொடுத்துப் பார்த்ததில், கல்லீரல் சேதத்தைக் காட்டும் இரண்டு இரத்த நொதிகளில் ஏ.எல்.டி. குறைந்தும் ஏ.எஸ்.டி. உயர்ந்தே நிற்கிறது என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்காக, பாராசிட்டமால் நச்சிலிருந்து கீழாநெல்லிச் சாறு கல்லீரலைக் காக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் இரத்த மாதிரியைச் சந்தேகியுங்கள்.

ஏ.எல்.டி. பெரும்பாலும் கல்லீரலைச் சார்ந்தது. ஏ.எஸ்.டி.யோ இதயத்திலும் தசையிலும் சிவப்பணுக்களிலும் இருப்பதால், மெல்லிய ஊசியால் வேகமாக உறிஞ்சும்போதும் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை) பிரிக்கத் தாமதமாகும்போதும் சிவப்பணுக்கள் உடைந்து அதன் அளவு ஏறிவிடும். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி சந்திப்புப் பக்கத்து ஆய்வகத்துக்குக் குழாய்களைப் பேருந்தில் கொண்டுபோவதாக எழுதியிருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் அது ஒன்றே போதும்.

1. மீதமுள்ள சீரத்தை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். வைக்கோல் நிறமாக இல்லாமல் இளஞ்சிவப்போடினால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன; அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. மருந்து கொடுத்த குழுவுக்குக் கடைசியாக இரத்தம் எடுத்தீர்களா என்று குறிப்பேட்டில் பாருங்கள்; அப்படியானால் அந்தக் குழுவின் மாதிரிகள் மட்டும் வேறு விதமாகக் கையாளப்பட்டிருக்கலாம். அடுத்த முறை குழுக்களைக் கலந்து எடுத்து, உறைந்ததும் அங்கேயே சுழற்றிப் பிரித்துக் குளிரில் அனுப்புங்கள்.

சீரம் தெளிவாக இருந்தும் ஏ.எஸ்.டி. குறையவில்லையென்றால் தசைச் சேதத்தை அறிய கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியைப் பார்க்க வேண்டும். எப்படியானாலும், மையச் சிரையைச் சுற்றிய செல்கள் மடிந்திருக்கின்றனவா என்று கல்லீரல் திசு வெட்டுகளில் பார்க்காமல் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. இரண்டை மட்டும் வைத்து எதையும் எழுதிவிடாதீர்கள்.