டெண்டருக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதிக்கு மழைநீர் வடிகால் அமைக்க நகர மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இன்னும் ஒரு கடப்பாரைகூட மண்ணில் படவில்லை. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

பதில்: தீர்மானம் என்பது 'செய்யலாம்' என்ற சம்மதம் மட்டும்தான். அதன் பிறகு மதிப்பீடு தயாராகி, தொழில்நுட்ப அனுமதி கிடைத்து, நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகி, பணி ஆணை போக வேண்டும். கோப்பு அதிகமாகத் தேங்குவது நிதியில்தான்.

'பட்ஜெட்டில் இருக்கிறது' என்று பதில் வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பட்ஜெட்டில் ஒரு வரி இருப்பது வேறு, கணக்கில் பணம் இருப்பது வேறு. பணம் சொத்து வரி, கட்டணம் போன்ற சொந்த வருவாயிலிருந்து வருகிறதா, மேல்நிலை அரசின் மானியமா, கடனா என்று கேளுங்கள். மானியம் என்றால் பெரும்பாலும் இரண்டு முடிச்சுகள் இருக்கும். நகரமும் தன் பங்கைப் போட வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் மானியமும் நகராது. அடுத்த தவணை வர, முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று போயிருக்க வேண்டும். ஊரின் இன்னொரு மூலையில் நடக்கும் வேலைக்குச் சான்று போகாததால் உங்கள் வடிகால் நிற்பதும் உண்டு.

பொறியியல் பிரிவிடம் மதிப்பீட்டின் தேதியையும், கணக்குப் பிரிவிடம் நிதித் தலைப்பையும் எழுத்தில் கேளுங்கள். மதிப்பீடு பழையதாக இருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள். பழைய விலையில் டெண்டர் விட்டால் யாரும் வரமாட்டார்கள், அல்லது மதிப்பீட்டைவிட மிக அதிகமாகக் கேட்பார்கள். இரண்டிலும் மறு டெண்டர்தான், இன்னும் சில மாதங்கள் போய்விடும்.

கேள்வி: குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை என்கிறார்கள். ஆனால் முடியும்போது செலவு எங்கோ போய்விடுகிறது. இது எப்படி?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி இது. டெண்டர் திறக்கும் நாளில் எல்லோருடைய கண்ணும் மொத்தத் தொகையின் மேல் இருக்கும். பணம் ஒழுகுவதோ பெரும்பாலும், ஒவ்வொரு இன வேலையும் எவ்வளவு, என்ன விலை என்று எழுதும் அளவுப் பட்டியலில். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட வேண்டும். மதிப்பீட்டின்படி மண் 1,000 கன மீட்டர், பாறை 50 கன மீட்டர். முதல் ஒப்பந்ததாரர் ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 10, பாறைக்கு 30 என்று விலை போடுகிறார், மொத்தம் 11,500. இரண்டாமவர் மண்ணுக்கு 8, பாறைக்கு 60 என்கிறார், மொத்தம் 11,000. அவர்தான் குறைவு, வேலை அவருக்கு. தோண்டிப் பார்த்தால் மண் 700, பாறை 350. இப்போது இரண்டாமவருக்குக் கொடுக்க வேண்டியது 26,600. முதலாமவராக இருந்திருந்தால் 17,500. காகிதத்தில் 500 மிச்சம், களத்தில் 9,100 நஷ்டம்.

இதில் சட்டமீறல் எதுவும் கண்ணில் படாது. அடியில் பாறை இருப்பதை இரண்டாமவர் ஊகித்திருக்கலாம். மதிப்பீடு போட்ட இடத்திலிருந்தே தகவல் கசிந்திருக்கலாம். எப்படியானாலும் ஓட்டை ஒன்றே. மண்ணைச் சோதிக்காமல் அளவு எழுதியிருக்கிறார்கள். டெண்டருக்கு முன்பே பாதை நெடுகச் சில இடங்களில் துளையிட்டுப் பார்த்திருந்தால் 50 என்ற எண்ணே பட்டியலில் வந்திருக்காது. அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதைப் போன்ற தவறான சிக்கனம் வேறில்லை.

டெண்டர் திறந்த பிறகும் ஒரு காப்பு உண்டு. மொத்தத்தை மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு இனத்தின் விலையையும் மதிப்பீட்டு விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 30 இருக்க வேண்டிய இடத்தில் 60 இருந்தால், அந்த விலை எப்படி வந்தது என்று காட்டும் விலைப் பகுப்பாய்வு கேட்க வேண்டும். அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் விலையை மறுபடி நிர்ணயிக்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருப்பதும் அவசியம். பல நாடுகளில் புழங்கும், ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பின் 1999 மாதிரி ஒப்பந்தத்தில், அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று.

கேள்வி: மூன்று பேர் விண்ணப்பித்தார்கள் என்றால் போட்டி நடந்தது என்று நம்பலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் வைத்து நம்ப முடியாது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். இரண்டு விண்ணப்பங்களில் ஒரே எழுத்துப்பிழை, ஒரே கூட்டல் தவறு. ஒரே வங்கிக் கிளையில் ஒரே நாளில் அடுத்தடுத்த எண்களில் எடுத்த முன்வைப்புத் தொகை உத்தரவாதங்கள். தோற்றவரே பிறகு வென்றவரிடம் துணை ஒப்பந்தம் எடுப்பது. சில ஆண்டுப் பட்டியலைப் பார்த்தால் முறை வைத்து மாறி மாறி வெல்வது. இவற்றில் ஒன்று தற்செயலாக நடக்கலாம். மூன்று சேர்ந்து வந்தால் போட்டி ஆணையத்துக்கோ தணிக்கைக்கோ அனுப்ப வேண்டிய விஷயம்.

போட்டியை நகராட்சியே சுருக்கிவிடுவதும் உண்டு. 'இதே நகரில் இதே வகை வேலை செய்திருக்க வேண்டும்' என்ற ஒரு வரி போதும், புதியவர் யாரும் உள்ளே வர முடியாது. பெரிய வேலையைத் துண்டுபோட்டு ஒவ்வொரு துண்டையும் திறந்த டெண்டர் வரம்புக்குக் கீழே கொண்டுவருவது இன்னொரு வழி. ஒரே சாலையில் ஒரே மாதத்தில் பல சிறிய பணி ஆணைகள் வந்திருந்தால் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நகராட்சி கடன் பத்திரம் வெளியிடப் போகிறதாம். ஊரே கடனாளியாகிவிடாதா?

பதில்: கடன் என்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. 40 ஆண்டு உழைக்கும் குழாய்க்கு இந்த ஆண்டு வரி கட்டுபவர் மட்டும் முழுப் பணமும் தருவது நியாயமில்லை. பார்க்க வேண்டியவை மூன்று.

கடன் எதற்கு? சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் என்றால் உடனே எதிர்த்துக் கேளுங்கள். நியூயார்க் நகரம் அன்றாடச் செலவை மூலதனக் கணக்கில் ஏற்றி, குறுகியகாலக் கடனை மேன்மேலும் புதுப்பித்துக்கொண்டே போனது. 1975-இல் அதற்குக் கடன் தர ஆளில்லாமல் போயிற்று.

எவ்வளவு காலம்? கடன் சொத்தைவிட நீண்டு வாழக் கூடாது. 10 ஆண்டில் தேயும் சாலைக்கு 20 ஆண்டுக் கடன் வாங்கினால், பின் பத்தாண்டுகள் இல்லாத சாலைக்கு வட்டி கட்டுவீர்கள்.

எதிலிருந்து திருப்புவது? பொதுக் கடன் பத்திரம் என்றால் நகரத்தின் மொத்த வரி வருவாயும் பொறுப்பு. வருவாய்ப் பத்திரம் என்றால் அந்தத் திட்டத்தின் கட்டணம் மட்டும். இரண்டாவதில், குடிநீர்க் கட்டணத்தில் பராமரிப்புப் போக ஆண்டுக்கு 130 மிஞ்சி, அசலும் வட்டியும் 100 என்றால் விகிதம் 1.3. அது 1-ஐ நெருங்கினால், ஒரு வறட்சி ஆண்டு வந்தாலே தவணை தவறும். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் ஜெஃபர்சன் கவுன்டி, கழிவுநீர்த் திட்டத்துக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனிலும் அதோடு பிணைந்த வட்டி மாற்று ஒப்பந்தங்களிலும் (ஒரு வகை வட்டியை இன்னொரு வகையோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) சிக்கி 2011-இல் திவால் மனு போட்டது.

கேள்வி: போட்ட தார்ச்சாலை ஓராண்டில் பெயர்ந்துவிட்டது. மறுபடி நம் பணத்தில்தான் போடுவார்களா?

பதில்: முதலில் ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். அதற்குள் என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் பில்லில் பிடித்துவைத்த தொகையிலிருந்தும் வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு ஈடாக அவர் கொடுத்த செயலாக்க உத்தரவாதத்திலிருந்தும் நகராட்சி எடுத்துச் செய்யலாம். ஆகவே காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதாவது எழுத்தில் புகார் கொடுங்கள். பிடித்தத் தொகையை விடுவித்த பிறகு புகார் கொடுத்தால் கையில் பிடி எதுவும் இருக்காது.

அடுத்து, தடிமனைச் சோதிக்கச் சொல்லுங்கள். சாலையில் வட்டமாகத் துளைத்து ஒரு துண்டை எடுத்து அளப்பார்கள். 40 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 32 இருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 7 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு அந்த 8 மி.மீ. என்பது 56 கன மீட்டர், ஏறத்தாழ 130 டன் தார்க்கலவை. எங்கே துளைப்பது என்பதை ஒப்பந்ததாரர் காட்டக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வடிகாலின் அடித்தளம், கம்பிக்கட்டு போன்று மூடிவிட்டால் தெரியாதவற்றைப் பின்னால் இப்படி எடுத்துப் பார்ப்பது கடினம். அவற்றை மூடுமுன் அளந்து, தேதியோடு அளவுப் புத்தகத்தில் எழுதி, படமும் எடுத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். கம்பி கட்டிய தேதியும் கான்கிரீட் கொட்டிய தேதியும் அளவு எடுத்த தேதியும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். கான்கிரீட்டுக்குப் பிறகு கம்பியை அளந்ததாக எழுதியிருந்தால், அந்த அளவை யாரும் எடுக்கவில்லை.